ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்தில் வைத்த நீல ஜென்ஷியன் என்ற மலைப் பூச்செடி மூன்று வருஷமாகப் பூக்கவே இல்லை. ஏன்?

இலை பச்சையாக, பாய் மாதிரி பரவியிருக்கிறது என்றால் செடிக்கு நோய் ஒன்றுமில்லை. கடைகளில் அதிகம் கிடைப்பது ஜென்ஷியானா அகாலிஸ் என்ற வகை. ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைப் புல்வெளிகளில் வளர்வது. குளிருக்கு அஞ்சாது, பனிக்கடியில் கிடந்தே பழகியது. ஆனால் தோட்டத்தில் பூக்க அடம்பிடிப்பதில் பேர்போனது.

முதலில் வெயிலைப் பாருங்கள். மர நிழலில் இலைதான் வரும், பூ வராது. அடுத்து மண். ஈரம் காயக்கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. பொடிக்கல்லும் மக்கிய இலையும் கலந்து, செடியைச் சுற்றிக் கையால் நன்றாக அழுத்திவிடுங்கள். இறுக்கமான மண்தான் இதற்குப் பிடிக்கும். நைட்ரஜன் உரம் போடுகிறீர்களா? நிறுத்துங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பூக்கவில்லையா? வசந்தத் தொடக்கத்தில் ஒரு துண்டைப் பிரித்து நாலடி தள்ளி நடுங்கள். வேடிக்கைதான், ஆனால் இடம் மாறினாலே சில செடிகள் பூத்துவிடும்.

மே மாதவாக்கில் 5 செ.மீ. நீள ஊதுகுழல் பூ தரையை ஒட்டி நிற்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் தொண்டையில் பச்சைப் புள்ளிகள். மேகம் மூடினால் பூவும் மூடிக்கொள்ளும், வாடிவிட்டதென்று பயப்படாதீர்கள். ஆஸ்திரியாவின் 1 சென்ட் நாணயத்தில் இருப்பதும் ஜென்ஷியன்தான்.

விதை போடுவதானால் இலையுதிர் காலத்திலேயே தொட்டியில் தூவி வெளியே வையுங்கள். குளிர்காலம் ஒன்று கடந்தால்தான் முளைக்கும்.