லையா, லேயா? ஆங்கில வாத்தியாரிடம் சில கேள்விகள்

கேள்வி: சார், ஆங்கிலத்தில் லை (எல்-ஐ-ஈ), லே (எல்-ஏ-ஒய்) இரண்டுக்கும் 'படு' என்றுதான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். எதை எங்கே போடுவது?

பதில்: மனப்பாடத்தை விடுங்கள். பள்ளியில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்களே: உருண்டான், உருட்டினான், திருந்தினான், திருத்தினான். அதே கதைதான் இதுவும். குழந்தை தொட்டிலில் படுத்திருக்கிறது, அது லை. அம்மா குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிறாள், அது லே. வினையைப் பார்த்து 'எதை?' என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் லே, கிடைக்காவிட்டால் லை.

கேள்வி: அப்படியானால் 'ஐ லே இன் பெட் ஆல் ஆஃப்டர்நூன்' என்று ஒரு கதைப் புத்தகத்தில் இருக்கிறதே, அச்சுப்பிழையா?

பதில்: பிழையே இல்லை. எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் இதுதான், ஆங்கிலேயர் உட்பட. லை என்பதன் இறந்தகாலம் லே. எழுத்திலும் ஒலியிலும் அந்த இன்னொரு லேயேதான். ஆகவே அந்த வரிக்கு 'மத்தியானம் பூரா படுத்துக் கிடந்தேன்' என்று பொருள். பிறவினையான லே இறந்தகாலத்தில் லெய்ட் ஆகும்: 'ஐ லெய்ட் த புக் ஆன் த டேபிள்', அதாவது புத்தகத்தை மேஜைமேல் வைத்தேன். 'ஹேவ்' சேர்ந்தால் லைக்கு லெய்ன், லேக்கு அதே லெய்ட். லெய்ன் பேச்சில் அவ்வளவாகக் காதில் விழாது. தேர்வுத்தாளில் மட்டும் தவறாமல் வரும்!

கேள்வி: பொய் சொல்வதும் லை தானே?

பதில்: ஆமாம், ஆனால் வேர் வேறு. அதன் இறந்தகாலம் லைட்: 'ஹி லைட் டு மீ'. லையிங் என்று எழுதும்போது இரண்டுக்கும் எல்-ஒய்-ஐ-என்-ஜி தான். படுத்திருக்கிறாரா, புளுகுகிறாரா என்பது இடத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

கேள்வி: கம்பெனியில் லே ஆஃப் என்கிறார்கள். அங்கே யார் யாரைப் படுக்க வைக்கிறார்கள்?

பதில்: வயிற்றெரிச்சலைக் கிளப்பாதீர்கள், தம்பி. கம்பெனி ஆட்களை நிறுத்துகிறது. 'யாரை' என்பதற்குப் பதில் இருப்பதால் லே. வேலை போனவர் 'ஐ வாஸ் லெய்ட் ஆஃப்' என்பார். அதை எல்-ஏ-ஐ-டி என்று எழுதுங்கள். 'பே' என்பது 'பெய்ட்' ஆவது போலத்தான். எல்-ஏ-ஒய்-ஈ-டி என்று மெயிலில் பார்த்தால் எனக்குக் கண் கூசும்.

கேள்வி: 'த ஹென் இஸ் லேயிங்' என்கிறார்கள். 'எதை' என்பதே இல்லையே?

பதில்: முட்டை தொக்கி நிற்கிறது.

கேள்வி: ஐயா, அமெரிக்காவில் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். பேத்தி நாயிடம் 'லே டவுன்' என்கிறாள். திருத்தலாமா?

பதில்: விட்டுவிடுங்கள் அம்மா. இலக்கணப்படி 'லை டவுன்' தான். ஆனால் லையின் இடத்தில் லே வந்து உட்காருவது பேச்சு ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுப் பழக்கம். நிலத்தின் அமைப்பை பிரிட்டனில் 'லை ஆஃப் த லேண்ட்' என்பார்கள், அமெரிக்காவில் 'லே ஆஃப் த லேண்ட்' என்பார்கள். பள்ளிக் கட்டுரையில் மட்டும் கறாராக இருக்கச் சொல்லுங்கள். ஒன்று, தூங்கப்போகும்போது அவள் 'நவ் ஐ லே மீ டவுன் டு ஸ்லீப்' என்று பிரார்த்தனை சொன்னால் அதைத் தொடாதீர்கள். அது முழுக்கச் சரி. 'மீ' இருக்கிறதே, என்னைக் கிடத்துகிறேன் என்று பொருள்.

கேள்வி: இதைப் போல வேறு ஜோடிகள் உண்டா சார்?

பதில்: உண்டு. புகை எழும்பினால் ரைஸ், கையை உயர்த்தினால் ரெய்ஸ். உட்கார்ந்தால் சிட், ஒன்றை வைத்தால் செட். சூரியன் மறைவதும் செட் என்பது தனி வழக்கு, அதை இதில் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அப்புறம் ஃபால், ஃபெல். மரம் தானாக விழுந்தால் ஃபால், கோடரியால் வெட்டிச் சாய்த்தால் ஃபெல். இங்கேயும் அதே பொறி: ஃபால் இறந்தகாலத்தில் ஃபெல் ஆகிவிடும். 'த ட்ரீ ஃபெல்' என்றால் காற்றில் விழுந்தது. 'தே ஃபெல்ட் த ட்ரீ' என்றால் ஆட்கள் வெட்டிவிட்டார்கள்.