பாட்டி பலகாரத்தில் எதை மாற்றலாம், எதை அப்படியே விடலாம்?

கேள்வி: எனக்கு இரண்டு குழந்தைகள். மகளுக்கு 6 வயது, மகனுக்கு 3. நான் பள்ளி விட்டு வந்ததும் அம்மாச்சி சம்படத்திலிருந்து எடுத்துத் தந்த முறுக்கு, எள்ளுருண்டை, கமர்கட்டு எல்லாம் இவர்களுக்கும் கொடுக்க ஆசை. எண்ணெய், இனிப்பு என்று நினைத்தால் பயமாகவும் இருக்கிறது. சர்க்கரைக்குப் பதில் வெல்லம், அரிசி மாவுக்குப் பதில் கேழ்வரகு என்று மாற்றிப் பார்த்தேன். முறுக்கை ஏர் ஃப்ரையரில் வைத்தேன். கல் மாதிரி ஆகி, மகள் ஒரு கடியோடு வைத்துவிட்டாள். எப்படித்தான் செய்வது?
(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: முறுக்கு கல்லாகிப் போனதற்கு உங்கள் கைப்பக்குவம் காரணமில்லை. காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் மாவிலுள்ள தண்ணீர் சட்டென்று ஆவியாகி வெளியே வருகிறது. அது வந்த வழியெல்லாம் சின்னச் சின்னத் துளைகள் விழுகின்றன. முறுக்கு வாயில் மொறுமொறுவென்று உடைவது அந்தத் துளைகளால்தான். வெறும் சூட்டுக் காற்றில் தண்ணீர் மெதுவாகப் போவதால் மாவு இறுகிக் காய்ந்துவிடுகிறது. இளகட்டும் என்று வெண்ணெயைக் கூட்டினால், எண்ணெயில் மிச்சம் பிடித்த கொழுப்பு வெண்ணெயாக உள்ளே வந்துவிடும். மெல்லியதாகத் தட்டிய தட்டையை வேண்டுமானால் இரண்டு பக்கமும் எண்ணெய் தடவி ஓவனில் சுடலாம், ஓரளவு நன்றாகவே வரும். முறுக்கை எண்ணெயில் சுடுவதே சரி. அதை எத்தனை நாளைக்கு ஒருமுறை சுடுகிறோம் என்பதை மாற்றினால் போதும்.

உங்கள் அம்மாச்சி எல்லாப் பலகாரத்தையும் தினமும் செய்திருக்க மாட்டார். முறுக்கும் அதிரசமும் தீபாவளிக்கு. சீடை கிருஷ்ண ஜெயந்திக்கு. மற்ற நாட்களில் சுண்டல், அவல், வேகவைத்த சர்க்கரைவள்ளி, எள்ளுருண்டை. நாம் பண்டிகைப் பலகாரத்தைத் தினசரித் தின்பண்டமாக ஆக்கிக்கொண்டு, பிறகு அதை எப்படிச் சத்தானதாக்குவது என்று தவிக்கிறோம். தினமும் கொடுக்கக்கூடியவை நம் சமையலறையில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றில் செய்ய வேண்டிய மாற்றமும் கொஞ்சம்தான்.

முதலில் வெல்லத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், நிறைய அம்மாக்கள் இதில்தான் ஏமாந்து போகிறார்கள். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பங்கு இருப்பது சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். இரும்புச்சத்து கொஞ்சம் உண்டு. ஆனால் ஒரு உருண்டைக்குள் போகும் 4, 5 கிராம் வெல்லத்திலிருந்து குழந்தைக்குக் கிடைப்பது மிகமிகக் குறைவு. பல்லும் இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்க்கும். மணத்துக்காகவும் ருசிக்காகவும் வெல்லம் போடுங்கள், நானும் அதைத்தான் போடுகிறேன். ஆனால் வெல்லம்தானே என்று அளவைக் கூட்டாதீர்கள். வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சளைவிட அடர்ந்த பழுப்பு நிறமாகப் பாருங்கள். பளபளப்புக்காக வெளுக்கும் ரசாயனம் சேர்ப்பவர்கள் உண்டு.

எவ்வளவு இனிப்பு சரி? சேர்க்கும் இனிப்பிலிருந்து வரும் கலோரி நாளின் மொத்தத்தில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் மகள் வயதில் நாளுக்கு சுமார் 1,400 கலோரி என்று வைத்துக்கொண்டால், 35 கிராம் என்பது மேல்வரம்பு. 17, 18 கிராமுக்குள் நின்றால் நல்லது. இப்போது காலைப் பாலில் போடும் சர்க்கரை, அதில் கலக்கும் மால்ட் பவுடர், கிரீம் பிஸ்கட் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பல வீடுகளில் எள்ளுருண்டைக்கு இடமே இல்லாமல் செய்வது இவைதான். பாலில் சர்க்கரையைப் படிப்படியாகக் குறையுங்கள். அங்கே மிச்சமாவதை அம்மாச்சி பலகாரத்துக்கு ஒதுக்குங்கள்.

சரி, எள்ளுருண்டை. பாகு காய்ச்சிப் பிடித்தால் வெல்லம் அதிகம் வேண்டும். அதனால் பழைய இடி உருண்டை முறைக்கே போய்விடுங்கள். 200 கிராம் கறுப்பு எள்ளைக் கழுவி, கல் அரித்து, காயவைத்து, படபடவென்று பொரியும்வரை வறுத்து ஆறவிடுங்கள். 80 கிராம் வெல்லம், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். எள்ளின் எண்ணெயே கசிந்து மாவைப் பிடித்துக்கொள்ளும். தொடர்ந்து ஓட்டினால் விழுதாகிவிடும், கவனம். நெல்லிக்காய் அளவில் 20 உருண்டை வரும். ஒன்றில் 4 கிராம் வெல்லம்தான். 10 கிராம் எள்ளில் சுமார் 100 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஆக்சலேட் என்ற பொருளும் எள்ளில் இருப்பதால் அது முழுவதும் உடம்பில் சேராது. ஆனாலும் நாளுக்கு 550 மில்லிகிராம் தேவைப்படும் ஒரு 6 வயதுக் குழந்தைக்கு இது நல்ல துணை.

கேழ்வரகுக்கு வருகிறேன். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவுக்குத்தான். ஆனால் அதை முறுக்காகப் பிழிந்து எண்ணெயில் போட்டால் அதுவும் பொரித்த பலகாரம்தான். சிறுதானியம் என்று பெயர் போட்டு விற்கும் பாக்கெட் முறுக்குக்கும் இதே கதை. கேழ்வரகுக்குப் பொருத்தமான பலகாரம் சிமிலி. வட மாவட்டங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 150 கிராம் மாவில் உப்புப் போட்டுப் பிசைந்து, மெல்லிய அடையாகத் தட்டி, தோசைக்கல்லில் பச்சை வாசனை போகும்வரை சுட்டு, பிய்த்து மிக்ஸியில் உதிர்த்துக்கொள்ளுங்கள். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராம், வறுத்த எள் 2 மேசைக்கரண்டி, வெல்லம் 70 கிராம் சேர்த்து இன்னொரு சுற்று ஓட்டி, சூட்டோடு உருட்ட வேண்டும். அடையில் ஈரம் இருப்பதால் ஒன்றிரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். சுருங்கிய, பூஞ்சை பிடித்த, கசக்கும் கடலையை வறுப்பதற்கு முன்பே பொறுக்கி எறியுங்கள். அதில் இருக்கக்கூடிய அஃப்ளடாக்சின் என்ற நச்சு, வறுத்தாலும் முழுதாகப் போகாது.

சுண்டலுக்குப் புது யோசனை தேவையில்லை. இறக்கியதும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். பயறில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவும். பக்கத்தில் டீ வேண்டாம்.

கமர்கட்டை மாற்ற முயலாதீர்கள். அது வெல்லப் பாகும் தேங்காயும், வாயில் அரை மணி நேரம் கரைய வேண்டும். பல்லுக்கு இதைவிடக் கஷ்டம் வேறில்லை. வெல்லத்தைக் குறைத்தால் கமர்கட்டே வராது. திருவிழாவுக்குப் போகும்போது மகளுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள், சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கட்டும்.

உங்கள் மகனுக்கு 3 வயது என்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 5 வயது வரை முழுக் கடலை, கமர்கட்டு, கெட்டியான சீடை எதுவும் வேண்டாம். தொண்டையில் சிக்கி மூச்சை அடைத்துவிடும். கடலையைப் பொடித்து உருண்டையில் சேருங்கள், கொண்டைக்கடலையை மசித்துக் கொடுங்கள். உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், ஓடிக்கொண்டே கூடாது. எள்ளும் வேர்க்கடலையும் அவனுக்குப் புதிது என்றால் முதல் முறை ஒரு சிட்டிகை மட்டும் கொடுத்துப் பாருங்கள். உடம்பில் தடிப்போ உதடு வீக்கமோ தெரிந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தீபாவளிக்கு முறுக்கு சுடும்போது எண்ணெய் 170 முதல் 180 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும். ஒரு துளி மாவைப் போட்டால் உடனே மேலே எழும்ப வேண்டும். சூடு பத்தாவிட்டால் முறுக்கு எண்ணெய் குடிக்கும், ஒரே ஈட்டில் நிறையப் போட்டாலும் சூடு இறங்கி அதேதான் நடக்கும். வனஸ்பதி வேண்டாம், கடலெண்ணெய் போதும். மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி ஓரிரு நாளில் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள். கறுத்தோ நுரைத்தோ போயிருந்தால் கொட்டிவிடுங்கள்.

அப்புறம், சம்படத்தை அப்படியே கையில் கொடுக்காதீர்கள். பள்ளி விட்டு வந்ததும் ஒரு கிண்ணத்தில் சுண்டல், கூட ஒரு உருண்டை. இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் பலகாரம் முடிந்துவிட வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை எள்ளுருண்டையிலிருந்து ஆரம்பியுங்கள். பாகுப் பதம் பார்க்கும் வேலை இல்லை, சுடும் பயமும் இல்லை, உங்கள் மகளே பக்கத்தில் உட்கார்ந்து உருட்டலாம்.