கைக்கு முன் கால்: பாஸிங் பற்றிய உங்கள் கேள்விகள்

பத்து வயது மகன் அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை எறியும் குவாட்டர்பேக். அவன் எறியும் பந்து தள்ளாடிக்கொண்டே போகிறது. கையில் பலம் போதவில்லையா?

பலத்தை விடுங்கள், பந்தின் அளவைப் பாருங்கள். 9 முதல் 12 வயதுவரை ஜூனியர் அளவு, 14 வரை யூத் அளவு, அதன் பிறகே முழு அளவு. பெரிய பந்தைக் கொடுத்தால் பிடி கிடைக்காமல் உள்ளங்கையில் ஏந்தி, முழங்கையைத் தாழ்த்தி, குண்டு எறிவதுபோல் தள்ளுவான். அந்தப் பழக்கம் படிந்துவிட்டால் மாற்றுவது பெரும்பாடு. விரல்கள் பந்தின் தையலான லேஸின் மேல் இருக்க வேண்டும், உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே சிறு இடைவெளி தெரிய வேண்டும், கடைசியாக ஆள்காட்டி விரல் பந்தை விட வேண்டும்.

பயிற்சியில் பிரமாதமாக எறியும் எங்கள் ஹைஸ்கூல் குவாட்டர்பேக், போட்டியில் எப்போதும் ஒரு கணம் தாமதம். ஏன்?

பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் திரும்புவதைக் கண்ணால் பார்த்த பிறகு எறிகிறான், அதனால்தான். ரூட் என்பது ரிசீவர் ஓடும் பாதை. ஹிட்ச் ரூட்டில் ரிசீவர் ஆறு யார்டு ஓடி, ஐந்துக்குத் திரும்பி வருகிறான். அவன் காலை ஊன்றும்போதே பந்து கையை விட்டிருக்க வேண்டும். இதைக் கண்ணை நம்பிச் செய்ய முடியாது, காலை நம்பித்தான் செய்ய வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கப் பந்தைப் பின்னால் தருபவன் சென்டர், அப்படித் தருவது ஸ்னாப். சென்டருக்குப் பின்னால் நின்று ஸ்னாப் வாங்கினால் மூன்று காலடி பின்வாங்கல். மூன்றாவது அடி ஊன்றியதும் எறிதல். ஒவ்வொரு ரூட்டுக்கும் இப்படி ஓர் அடிக்கணக்கைக் கட்டிப்போடுங்கள். முதலில் பந்தே இல்லாமல் பழக்குங்கள்.

அடுத்தது பார்வை. மைதானம் முழுவதையும் படிக்கச் சொல்லி ஒரு பதினாறு வயதுப் பையனை வதைக்காதீர்கள். ஒரே ஒரு டிஃபெண்டரைக் காட்டுங்கள். கர்ல்–ஃபிளாட்டில் (ஒருவன் முன்னே ஓடித் திரும்புவது கர்ல், இன்னொருவன் பக்கவாட்டில் ஓடுவது ஃபிளாட்), ஃபிளாட்டைக் காப்பவன் வெளியே ஓடினால் கர்லுக்கு, பின்வாங்கினால் ஃபிளாட்டுக்கு. இன்னொன்று: அணிக்கு ஏழு பேர் ஆடும் 7-ஆன்-7 ஆட்டத்தில் பாஸ் ரஷ், அதாவது எறிபவனை நோக்கிப் பாய்ந்து வருவது, கிடையாது. கோடையெல்லாம் அதை மட்டும் ஆடிய பையன் பந்தை வைத்துக்கொண்டே நிற்பான். ஸ்னாப் ஆன இரண்டரை விநாடியில் விசில் ஊதுங்கள்.

13 வயது அணிக்கு எத்தனை ரூட் போதும்?

ஹிட்ச், உள்நோக்கிச் சாய்வாக ஓடும் ஸ்லாண்ட், ஃபிளாட், நேராக ஓடும் கோ. இவை நான்கும் கச்சிதமாக வந்த பிறகு மற்றவை. டெக்சஸின் காப்பரஸ் கோவ் பள்ளியில் 1980களில் பயிற்சியாளராக இருந்த ஹால் மம்மி, பின்னர் மைக் லீச்சுடன் சேர்ந்து வளர்த்த ஏர் ரெய்டு என்ற பாஸிங் ஆட்டமுறையின் உயிரே இதுதான்: குறைந்த ஆட்டங்கள், ஓயாத பயிற்சி. அகலமான பக்கத்துக்குப் பத்து யார்டு அவுட் (ஓடிப்போய்ப் பக்கக்கோட்டை நோக்கித் திரும்பும் ரூட்) மட்டும் வேண்டவே வேண்டாம். எதிர் ஹாஷிலிருந்து, அதாவது மைதானத்தில் ஆட்டம் தொடங்கும் இடத்துக்கான குறிகளில் மறுபக்கத்துக் குறியிலிருந்து, அந்தப் பந்து ஏறத்தாழ 35 யார்டு காற்றில் போக வேண்டும். இந்த வயதுக் கையால் அது மிதந்துதான் போகும். ரிசீவரைக் காக்கும் கார்னர்பேக் குறுக்கே வந்து பறித்தால் அவன் முன்னால் தடுக்க ஆளே இல்லை.

மகள் பந்தைப் பிடிக்கப் போய்ப் போய்த் தவறவிடுகிறாள்.

மார்புக்கு மேலே வந்தால் கட்டைவிரல்கள் சேரட்டும், இடுப்புக்குக் கீழே என்றால் சுண்டுவிரல்கள். பந்தைக் கக்கத்தில் அடக்கும்வரை கண் அதிலேயே இருக்கட்டும். பெரும்பாலும் கோளாறு கையில் இல்லை, ஓடும் அவசரத்தில்தான்.

யாரும் காலியாக இல்லாதபோது பந்தை வெளியே எறிந்தால் பெனால்டியா?

2022 முதல் ஹைஸ்கூல் தேசிய விதிகளிலும் வழி உண்டு: ஸ்னாப் ஆன இடத்திலிருந்து பக்கவாட்டில் நான்கு யார்டுக்கு அப்பால் வந்துவிட்டு, ஆட்டம் தொடங்கிய ஸ்கிரிமேஜ் கோட்டை எட்டும்படி எறிந்தால் குற்றமில்லை. டெக்சஸ் பள்ளிகள் ஆடுவது கல்லூரி விதிகளில். அங்கும் இதற்கு இடமுண்டு. இதையும் ஒரு பாஸாகவே வாரம்தோறும் பழக்குங்கள்.