ஒரு வாரத்தில் சீனா: நாலு ஊரா, ஒரே ஊரா?

"ஒரு வாரம்தான் விடுப்பு. பெய்ஜிங், சியான், குய்லின், ஷாங்காய் நான்கையும் பார்த்துவிட முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். பெய்ஜிங்கிலிருந்து சியான் சுமார் 1,200 கிலோமீட்டர்; அதிவேக ரயிலில் ஐந்து மணி நேரம் சொச்சம்தான். ஆனால் ஊர் மாறும்போதெல்லாம் அரை நாள் போய்விடும். அறையைக் காலி செய்ய வேண்டும், ஸ்டேஷனில் பெட்டியையும் பாஸ்போர்ட்டையும் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், புது ஊரில் வழி கேட்டு அறைக்குப் போய்ச் சேர வேண்டும். என்னைக் கேட்டால் மற்ற மூன்றையும் விட்டுவிட்டு சியானில் மட்டும் தங்குங்கள். பெருஞ்சுவரைப் பார்க்காமல் சீனா போய் வந்தேன் என்றால் வீட்டில் சிரிப்பார்கள்தான். சிரிக்கட்டும்.

சாங்கான் என்ற பெயரில் தாங் பேரரசின் தலைநகராக இருந்தது இந்த ஊர்தான். பட்டுப்பாதை இங்கிருந்துதான் மேற்கே கிளம்பியது. வரலாறு, கோயில், சாப்பாடு, மலை என்று ஒருவர் சீனாவில் தேடும் எல்லாமே இங்கே ஒரு மணி நேரப் பயணத் தொலைவுக்குள் இருக்கின்றன.

முதலில் சுடுமண் படை. 1974 மார்ச்சில் லிந்தொங் பகுதி விவசாயிகள் கிணறு வெட்டப் போய்க் கிடைத்தது இது. கி.மு. 221இல் சீனாவை ஒன்றாக்கிய சின் ஷி ஹுவாங்கின் கல்லறைக்குக் காவலாகப் புதைக்கப்பட்ட சிலைப் படை. மொத்தம் 8,000 வீரர்கள் இருக்கலாம் என்பது கணக்கு. வெளியே எடுத்தது அதில் ஒரு பகுதிதான். சிலைகள் மூன்று குழிகளில் இருக்கின்றன. எல்லோரும் நுழைந்ததும் பெரியதான முதல் குழிக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் மூன்று, இரண்டு, ஒன்று என்று தலைகீழாகப் போங்கள். பெரிய குழியை முதலில் பார்த்துவிட்டால் மற்ற இரண்டும் வெறும் மண்மேடாகத்தான் தெரியும்.

இரண்டாம் குழிக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வில்வீரன் முழந்தாளிட்டு உட்கார்ந்திருப்பான். கூட்டம் முழுக்க அவன் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மடித்து வைத்த வலது காலின் செருப்படி தெரியும். அதில் தையல் புள்ளிகள் வரிசை வரிசையாகக் குத்தப்பட்டிருக்கின்றன: நுனியிலும் குதிகாலிலும் நெருக்கமாக, நடுவில் கொஞ்சம் அகலமாக. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே, மண்ணுக்குள் புதைக்கப் போகும் ஒரு சிலையின் செருப்படிக்கு ஒருவர் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்! கவசத்தில் பழைய சிவப்புச் சாயமும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் எல்லாச் சிலைகளுக்குமே வண்ணம் பூசியிருந்தார்கள். வெளிக்காற்று பட்ட சில நிமிடங்களில் அடியிலிருக்கும் அரக்குப்பூச்சு சுருண்டு, வண்ணமும் சேர்ந்து உதிர்ந்துவிடுமாம்.

முதல் குழி 230 மீட்டர் நீளம். முன்பக்கம் அணிவகுத்து நிற்பவர்களைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். கடைசிவரை நடந்தால் ஒட்டுவேலை நடக்கும் இடம் வரும். தலையில்லாமல், கையில்லாமல், இடுப்பில் பட்டை கட்டி, எண்சீட்டு தொங்கவிட்டு அரைகுறையாக நிற்பார்கள். பெரும்பாலான சிலைகள் சில்லு சில்லாகத்தான் கிடைத்தன என்பது அப்போதுதான் உறைக்கும். எனக்கு அந்த மூலைதான் பிடித்தது.

பேரரசரின் கல்லறை மேடு கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அதை இன்னும் திறக்கவில்லை. உள்ளே பாதரசத்தால் ஆறுகளும் கடலும் அமைத்ததாக சிமா சியான் என்ற பழைய வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். மேட்டு மண்ணைச் சோதித்தபோது பாதரசம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. பார்ப்பதற்கு மரம் வளர்ந்த குன்று, அவ்வளவுதான். நேரமில்லை என்றால் விட்டுவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. சியான் ஸ்டேஷன் வாசலில் "படைவீரர், படைவீரர்" என்று கூவி அழைப்பவர்களோடு போகாதீர்கள். எங்களை ஏற்றிய டிரைவர் நேரே ஒரு பொம்மைக் கடைக்குக் கொண்டுபோய், ஒரு மணி நேரம் உட்காரவைத்துவிட்டார். மெட்ரோவில் ஹுவாசிங் குளம் வரை போய், அங்கிருந்து பஸ் பிடிப்பதுதான் நிம்மதி.

அடுத்து, ஊருக்குள். பெரிய காட்டுவாத்துக் கோபுரத்துக்கு எல்லோரும் போவார்கள். நம் பள்ளிப் பாடத்தில் வரும் யுவான் சுவாங் 645இல் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த சுவடிகளை வைக்கக் கட்டிய கோபுரம் அது. அவர்தான் பல்லவர் காலக் காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதிவைத்தவர். அதற்காகவே ஒரு தமிழர் அவர் சிலை முன் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சுற்றிலும் ஒரே விளக்கு, கடை, கூட்டம்.

சின்னக் காட்டுவாத்துக் கோபுரம் அப்படியில்லை. மரத்தடியில் அமைதியாக நிற்கும். அதன் கதையும் சுவாரசியமானது. 1487 நிலநடுக்கத்தில் மேலிருந்து கீழ்வரை பிளந்துபோனதாம். அடுத்து வந்த இன்னொரு நிலநடுக்கத்தில் அந்தப் பிளவு தானாகவே மூடிக்கொண்டதாம். இதைப் பழைய காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1556இல் வந்த மாபெரும் நிலநடுக்கத்தையும் தாங்கி நின்றது, உச்சி மட்டும் போய்விட்டது. 15 அடுக்காகக் கட்டியது இன்று 13 அடுக்காக நிற்கிறது.

கல்வெட்டுகளில் ஆர்வம் இருந்தால் கற்பலகைக் காடு என்ற அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 781இல் சீனத்திலும், சிரியாக் என்ற பழைய மேற்காசிய மொழியிலும் வெட்டிய கிறிஸ்தவக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஆர்வம் இல்லையென்றால் வெறும் கருங்கல் வரிசைதான்.

நகரைச் சுற்றி மிங் காலத்து மதில், கிட்டத்தட்ட 14 கிலோமீட்டர். மேலே வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும். தரை செங்கல் என்பதால் முதுகு கொஞ்சம் குலுங்கும். நிழல் சுத்தமாக இல்லை. வெயில் தாழ்ந்த பிறகு தெற்கு வாசலில் ஏறுங்கள்.

அப்புறம் முஸ்லிம் தெரு. முதன்மைத் தெருவில் எல்லாக் கடையும் ஒரே மாதிரி. பக்கத்துச் சந்துகளில் நுழையுங்கள். அங்கேயே பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. குவிமாடம் கிடையாது. வளைந்த ஓட்டுக் கூரை, முற்றத்துக்குப் பின் முற்றம், மினாராவுக்குப் பதில் ஒரு மரக்கூடம். பெயர்ப்பலகை இல்லையென்றால் சீனக் கோயில் என்றே நினைப்பீர்கள். சாப்பாட்டில் யாங்ரோ பாவ்மோ கேளுங்கள். கெட்டி ரொட்டியையும் காலிக் கிண்ணத்தையும் கையில் கொடுத்துவிடுவார்கள். உட்கார்ந்து நாமே சின்னச் சின்னதாகப் பிய்த்துப் போட்டுக் கொடுத்தால், ஆட்டுச்சாறு ஊற்றிச் சமைத்துக் கொண்டுவருவார்கள். அவசரப்பட்டுப் பெரிது பெரிதாகப் பிய்த்தால் உள்ளே சாறு ஏறாது. சைவம் என்றால் லியாங்பி: மிளகாய் எண்ணெயும் வினிகரும் போட்ட குளிர்ந்த பட்டை நூடுல்ஸ். நம் நாக்குக்கு நன்றாகவே ஒத்துவரும்.

கடைசி இரண்டு நாளை ஹுவாஷான் மலைக்கு வையுங்கள். அதிவேக ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஐந்து சிகரங்கள், தெற்குச் சிகரம் 2,154 மீட்டர். மேற்குச் சிகரத்துக்குக் கேபிள் காரில் ஏறி, மற்றவற்றை நடந்து பார்த்து, வடக்குச் சிகரத்திலிருந்து கேபிள் காரிலேயே இறங்கினால் முட்டி தப்பிக்கும். இணையத்தில் பார்த்திருப்பீர்களே, செங்குத்துப் பாறையில் பலகை அடித்த பாதை. இடுப்பில் கயிறு மாட்டித்தான் விடுகிறார்கள். நான் போகவில்லை, வருத்தமும் இல்லை. அதற்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் கிழக்குச் சிகரத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம்.

கிளம்பும் முன் அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியில் உங்கள் கார்டை இணைத்துவிடுங்கள். நோட்டை நீட்டினால் சில கடைகளில் சில்லறை தேடுவார்கள். நுழைவுச்சீட்டெல்லாம் பாஸ்போர்ட் எண்ணில்தான், அதனால் பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்கட்டும். ஷான்ஷி வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சில நாள் முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள். அக்டோபர் முதல் வாரம் மட்டும் வேண்டவே வேண்டாம். தேசிய விடுமுறை, நாடே ரயிலில்தான் இருக்கும். உங்கள் விடுப்பு அப்போதுதான் என்றால் கீழே எழுதுங்கள், கூட்டம் குறைவான வேறு ஊர் யோசிக்கலாம்.