ஆண்டுக்கு 46,000 கோடிக்கு மேல் ஒதுக்கியும் அரசுப் பள்ளியில் கழிப்பறைக் கதவுகூட இல்லையே, நிதி ஒதுக்கும் முறையை மறுஆய்வு செய்தால் முதலில் எதை மாற்ற வேண்டும்?

கேள்வியைப் படித்ததும் சுருக்கென்றது. கதவு என்று குறிப்பாகக் கேட்டிருக்கிறீர்கள். கழிப்பறைக் கதவைப் பற்றி என்னிடம் கேட்டால் நான் சும்மா இருக்க முடியாது.

நீங்கள் நகரத்தில் இருப்பவர் என்று நினைக்கிறேன். பிள்ளையைச் சேர்க்கலாமா என்று பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போய்ப் பார்த்திருப்பீர்கள். 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக் கல்வித் துறைக்கு ரூ.46,767 கோடி என்ற செய்தியையும் படித்திருப்பீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்குமே வயிறு எரியும்தான்.

நான் ஏற்காடு மலையில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். எந்தக் கட்சிக்காரியும் இல்லை, சங்கப் பொறுப்பிலும் இருந்ததில்லை. பொருளாதாரமும் படித்ததில்லை. ஒரு சின்னப் பள்ளியின் வரவு செலவுப் பதிவேட்டைப் பல வருஷம் எழுதியிருக்கிறேன், அந்த அனுபவத்தில் இருந்துதான் பேசுகிறேன்.

முதலில் அந்த 46 ஆயிரம் கோடி. அதில் மிகப் பெரிய பங்கு சம்பளம். உடனே "அப்போ எல்லாத்தையும் வாத்தியார்களே வாங்கிக்கிறாங்க" என்று யாராவது கீழே எழுதுவார்கள், தெரியும். பள்ளிக்கூடம் என்றாலே ஆள்தானே ஐயா? ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் இருந்தோம். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். ஒருவர் பயிற்சிக்குக் கீழே இறங்கினால் இன்னொருவர்தான் ஐந்து வகுப்பையும் பார்க்க வேண்டும். அந்தச் சம்பளத்தை வீண் செலவு என்று சொல்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

கதவுக்கான பணம் வேறு வழியில் வருகிறது. பள்ளி மானியம் என்று சொல்வோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில், அதாவது சமக்ர சிக்ஷாவில், மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் போட்டுக் கொடுப்பது. சுண்ணாம்பு அடிப்பது, சாக்பீஸ், பதிவேடு, குழாய் ரிப்பேர், கதவு, தாழ்ப்பாள் எல்லாம் இதில்தான். எவ்வளவு கிடைக்கும் என்பது பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். 30-ஐத் தாண்டினால் 100 வரை 25,000. பிறகு 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கும் மேலே போனால் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கென்று ஒதுக்கிவிட வேண்டும்.

எங்கள் பள்ளியில் 32 பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு தை மாதம் ஒரு குடும்பம் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போனது. அக்கா, தம்பி, தங்கை என்று மூன்று பேரும் எங்கள் பிள்ளைகள். "டீச்சர், இங்க யார்கிட்ட விட்டுட்டுப் போறது? சீசன் முடிஞ்சதும் கூட்டியாந்துர்றேன்" என்று அந்தத் தாய் சொல்லிவிட்டுத்தான் போனாள். அங்கேயே தோட்டத்து லைன் வீடு கிடைத்துத் தங்கிவிட்டார்கள். எமிஸில், அதாவது பிள்ளைகளின் விவரங்களைப் பதியும் அரசின் இணையப் பதிவேட்டில், எண்ணிக்கை 29 ஆனது. அடுத்த ஆண்டு எங்கள் மானியம் 25,000-லிருந்து 10,000 ஆனது.

மூன்று பிள்ளைகள் போனதால் கூரையின் நீளம் குறையவில்லை. தண்ணீர்த் தொட்டி சுருங்கவில்லை. சுவரில் பாசி பிடிப்பதும் நிற்கவில்லை. பதினைந்தாயிரம் மட்டும் போய்விட்டது.

அதே ஆண்டு ஆடிக் காற்றில் பெண் பிள்ளைகள் கழிப்பறையின் தகரக் கதவு கீலோடு பிய்த்துக்கொண்டு போய்க் கீழே காப்பித் தோட்டத்தில் விழுந்தது. நான்காம் ஐந்தாம் வகுப்புப் பெண்கள் இரண்டு இரண்டு பேராகப் போவார்கள். ஒருத்தி உள்ளே, இன்னொருத்தி வாசலில் பழைய சேலைத் துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கம் பார்த்து நிற்பாள். மழைக் காலத்தில் அந்தத் துணி நனைந்து அவள் முழங்கையில் தண்ணீர் வடியும். சில நாளில் அந்தப் பிள்ளைகள் மதியம் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். சாப்பிட்ட தட்டைக் கழுவுவார்கள், டம்ளரைத் தொட மாட்டார்கள். இதைக் கவனித்துச் சொன்னது சத்துணவுச் சமையலர் அக்காதான்.

மானியத்தில் பாதிதான் முதலில் வந்திருந்தது. கீழே சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பிளாஸ்டிக் கதவு, சட்டத்தோடு 2,400 ரூபாய்க்கு வாங்கினோம். அதை மலைக்கு எப்படிக் கொண்டுபோவது? ஆள் நிற்கவே இடமில்லாத பஸ்ஸில் கதவை யார் ஏற்றுவார்கள்? ஒரு பிக்கப் வண்டிக்காரர் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காடு தாண்டி, எங்கள் ஊர்ப் பிரிவு வரை வர 2,200 கேட்டார். அவர் கேட்டது நியாயமான வாடகைதான், திரும்பும்போது காலி வண்டி. பிரிவிலிருந்து பள்ளி வரை இரண்டு அப்பாக்கள் தலையில் தூக்கி வந்தார்கள். பொருத்துவதற்குக் கீழேயிருந்து வந்தவர் போக வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும் என்று முழுக் கூலி வாங்கினார். கதவு விலையைவிடக் கதவு வந்து சேர்ந்த செலவு அதிகம்.

அடுத்தது கணக்கு. கதவுக்கு ஜிஎஸ்டி பில் இருந்தது. வண்டிக்கு? "ரசீது எங்கிட்ட ஏதுங்க டீச்சர்? வேணும்னா வெள்ளப் பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேனுங்க" என்றார். வாங்கி ஒட்டினேன். தணிக்கையில் அதை ஏற்கவில்லை. எந்த அலுவலகம், யார் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அவர் கையில் இருந்த விதிமுறைத் தாளில் வண்டி வாடகை என்று ஒரு வரி இல்லை, அவ்வளவுதான். பணத்தை நான் கட்டினேன். பெருமைக்குச் சொல்லவில்லை. மலையில் வேலை பார்க்கும் எந்தத் தலைமையாசிரியரைக் கேட்டாலும் இப்படி ஒன்று இருக்கும்.

இங்கேதான் என் பதில் இருக்கிறது. மலையில் வேலை பார்த்ததற்காக அரசு எனக்குச் சம்பளத்தோடு மலைப்படி கொடுத்தது. மலையில் ஒரு கட்டடம் கட்ட மதிப்பீடு போட்டால் பொதுப்பணித் துறை மலைப்பகுதிக்கென்று கூடுதல் விழுக்காடு சேர்க்கிறது. அதாவது மலையில் எல்லாமே விலை கூடுதல் என்று அரசுக்கு நன்றாகத் தெரியும். ஊழியருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் தெரிந்த மலை பள்ளி மானியத்துக்கு மட்டும் தெரியவில்லை. சேலம் ஜங்ஷன் பக்கத்தில் 29 பேர் படிக்கும் பள்ளிக்கும் பத்தாயிரம், எங்களுக்கும் அதே பத்தாயிரம். மறுஆய்வு என்று யார் உட்கார்ந்தாலும் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

"தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் சின்னப் பள்ளிக்குத்தானே அதிகம்? ஆயிரத்தைத் தாண்டினால்தான் ஒரு லட்சம் என்றால் ஆளுக்கு நூறு ரூபாய்கூட இல்லை. உங்களுக்கு முந்நூறுக்கு மேல் வருகிறதே?" என்று கணக்குத் தெரிந்த ஒருவர் கேட்பார். ஒரு பயிற்சியில் என்னிடம் நேரிலேயே கேட்டார்கள். கூட்டல் கழித்தல் சரிதான். ஆனால் கதவை ஆளுக்கு இத்தனை அங்குலம் என்று வாங்க முடியுமா? ஒரு பிள்ளை படித்தாலும் ஒரு கழிப்பறை, ஒரு தொட்டி, ஒரு கூரை வேண்டும். அந்த அடிப்படைச் செலவை எண்ணிக்கையோடு முடிச்சுப் போடாமல் எல்லாப் பள்ளிக்கும் ஒரே அளவாகக் கொடுங்கள். அதற்கு மேல் பிள்ளைக் கணக்கு, அதற்கு மேல் மலைக்கும் தூரத்துக்கும் ஒரு படி. பெரிய பள்ளிகளிடமிருந்து பிடுங்கச் சொல்லவில்லை. ஆயிரம் பேருக்கு மேல் படிக்கும் பள்ளிக்கு ஒரு லட்சம் என்பதும் அநியாயக் குறைச்சல்தான்.

"29 பேருக்கு எதற்கு ஒரு பள்ளி, மூடிவிட்டுப் பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாமே" என்பதும் வரும். இதற்கு மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது கல்வி உரிமை விதி. எங்கள் ஊரிலிருந்து அடுத்த பள்ளிக்குப் போகும் தடம் எஸ்டேட் வழியாகப் போகிறது. காலையில் பனி மூட்டத்தில் காட்டெருமை நிற்பது பத்தடி தூரம் வரை தெரியாது. ஆறு வயதுப் பிள்ளையை அதில் அனுப்பச் சொல்பவர் ஒரு நாள் தன் பிள்ளையோடு நடந்து பார்க்கட்டும். எங்கள் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளில் (கேரளத்து மலையாளிகள் இல்லை, இந்த மலையில் வாழும் பழங்குடியினர்) பலர் அவர்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்தவர்கள். பள்ளியை மூடினால் அடுத்த பள்ளிக்குப் போக மாட்டார்கள், வீட்டில்தான் நிற்பார்கள்.

பணம் வரும் நேரத்தையும் பார்க்க வேண்டும். பள்ளி திறப்பது ஜூனில். மானியம் பாதி எப்போதோ, மீதி ஜனவரி பிப்ரவரியில். மார்ச் 31-க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்று கொடுக்க வேண்டும். 2021-லிருந்து ஜீரோ பேலன்ஸ் கணக்கு, பள்ளிக் கணக்கில் பணம் தங்காது. செலவழிக்காத பணத்தை அடுத்த ஜூனுக்கு வைத்துக்கொள்ள வழியில்லை. மழைக்கு முன்னால் கூரையைச் சரிசெய்ய வேண்டியவர்களுக்கு மழை முடிந்த பிறகு பணம் கொடுத்தால், மார்ச் கடைசியில் அவசர அவசரமாக எதையோ வாங்கி அடுக்குவார்கள். அதைப் பார்த்துவிட்டு "வீணடிக்கிறார்கள்" என்று எழுதுவார்கள்.

இந்த வரவும் நின்றுபோகலாம் என்பதை 2024-25-ல் பார்த்தோம். தேசியக் கல்விக் கொள்கைப்படி மாதிரிப் பள்ளிகளை உருவாக்கும் மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று சமக்ர சிக்ஷாவுக்கான மத்திய அரசின் பங்கு ரூ.2,152 கோடி நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தேசியக் கல்விக் கொள்கையைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கட்டும், அதை இங்கே சண்டையாக்க விரும்பவில்லை. ஆனால் கல்வி 1976 வரை மாநிலப் பட்டியலில் இருந்தது. 42-வது திருத்தத்தில்தான் பொதுப் பட்டியலுக்குப் போனது. வருமான வரியோடு 4 சதவீதம் சுகாதாரம், கல்வி என்று செஸ், அதாவது கூடுதல் வரி, கட்டுகிறோம். செஸ் என்பதால் அதில் மாநிலங்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. கல்வி என்று பெயர் சொல்லி வாங்கிய பணம், கொள்கையில் ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒரு மாநிலத்துப் பிள்ளைகளுக்கு வராமல் போகலாம் என்றால் அந்த ஏற்பாட்டைத்தான் மறுஆய்வு செய்ய வேண்டும்.

எல்லாமே குறை என்று நினைத்துவிடாதீர்கள். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. வரக்காப்பி மட்டும் குடித்துவிட்டு, குளிரில் விரலை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சூடான உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு முதல் பீரியடில் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். மனசு வைத்தால் அந்த மலைக்கும் பணமும் பொருளும் தினமும் காலை நேரத்துக்கு வந்து சேரும். அதைக் கண்ணால் பார்த்த பிறகு மானியத்தில் மட்டும் முடியாது என்றால் என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். சனி ஞாயிறு மலைக்குச் சுற்றுலா வருகிறீர்கள், வாருங்கள், எங்கள் ஊர் மக்களுக்கும் வருமானம். ஆனால் காம்பவுண்ட் சுவர் இல்லாத பள்ளித் திண்ணை குடிப்பதற்கான இடமில்லை. திங்கட்கிழமை பிரேயருக்கு முன் நாங்கள் செய்த முதல் வேலை கண்ணாடிச் சில்லு பொறுக்குவது. பாதிப் பிள்ளைகள் செருப்பில்லாமல் வருபவர்கள். 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கியது இதே சேலம் மாவட்டத்தில்தான்.  இன்று அதே மாவட்டத்தில் ஒரு டீச்சர் முந்தானையில் பாட்டில் சில்லு அள்ளிக்கொண்டு நிற்கிறாள். காரில் வருபவர்கள் இதைப் படிக்கவாவது வேண்டும்.

கடைசியாக உங்களுக்கு. உங்கள் பக்கத்துப் பள்ளியில் கதவில்லை என்றால் படம் எடுத்துப் போட்டுத் தலைமையாசிரியரைத் திட்டாதீர்கள். பிள்ளையைச் சேர்த்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் இடம் கேளுங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது சட்டம் அந்தக் குழுவுக்குக் கொடுத்த வேலை. இந்த ஆண்டு எவ்வளவு வந்தது, எந்த மாதம் வந்தது என்று பதிவேட்டைப் பாருங்கள். அந்தத் தேதியை எழுதி வைத்து, ஏன் ஜூனில் வரவில்லை என்று குழுவின் தீர்மானமாகவே போட்டு மேலே அனுப்புங்கள். தலைமையாசிரியர் தனியாக எழுதினால் அது ஒரு புகார்க் கடிதம். இருபது பெற்றோர் கையெழுத்துப் போட்ட தீர்மானத்துக்கு அவர்கள் பதில் எழுதித்தான் ஆக வேண்டும். எங்களுக்கு அப்படித்தான் தண்ணீர்த் தொட்டி வந்தது.