பழ ஈக்களுக்கு வீட்டிலேயே உணவுக் கலவை: பூஞ்சணமும் பிடிக்காமல், கூழாகவும் போகாமல்

கேள்வி: கும்பிடுபூச்சிக் குஞ்சுகளுக்கு இரையாகக் கொடுப்பதற்காகப் பறக்க இயலாத பழ ஈக்களை வளர்க்கிறேன். மசித்த வாழைப்பழமும் ஓட்ஸும் கலந்து வைத்த டப்பாவில் நான்காம் நாளே பச்சைப் பூஞ்சணம் படர்ந்துவிட்டது. அடுத்த முறை நீரைக் கூட்டியபோது கலவை கூழாகி, ஈக்கள் அதில் ஒட்டிக்கொண்டு இறந்தன. ஆயத்தக் கலவை வாங்காமல் வீட்டிலேயே நம்பகமான உணவைத் தயாரிக்க இயலுமா?

பதில்: இயலும். பழ ஈயின் புழு பழத்தைவிட, பழம் அழுகும்போது அதில் பெருகும் ஈஸ்டையே பெரிதும் நம்பி வாழ்கிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். டப்பாவின் அடியில் நீங்கள் இடும் கலவை ஈஸ்ட் விளைவதற்கான நிலம் மட்டுமே. அந்த நிலத்தை ஈஸ்ட் முதலில் பிடித்துக்கொள்கிறதா, பூஞ்சணம் பிடித்துக்கொள்கிறதா என்பதில்தான் உங்கள் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன.

வாழைப்பழத்தின் மீது குறை சொல்வதற்கில்லை. 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரபியல் அறிஞர் தாமஸ் ஹன்ட் மார்கன் குழுவினர் பால் புட்டிகளில் வாழைப்பழத்தை இட்டுத்தான் பழ ஈக்களை வளர்த்தார்கள். ஆனால் பழத்தின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். புழுக்கள் துளைக்கத் துளைக்க அந்த நீர் வெளியேறிக் கலவை இளகிவிடும். தோலில் ஒட்டியிருக்கும் பூஞ்சண வித்துகளும் காட்டு ஈக்களின் முட்டைகளும் உடன் வந்து சேரும். பழத்தைச் சேர்த்தே ஆக வேண்டுமென்றால், மசித்துக் கொதிக்கவைத்து ஆற்றிய பிறகு சிறிதளவு மட்டும் சேருங்கள்.

வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது அடுப்பில் வைக்கத் தேவையில்லாத உருளைக்கிழங்குச் செதில் கலவையை. ஏற்கெனவே வேகவைத்து உலர்த்தப்பட்டதாதலால் இச்செதிலின் மாவுச்சத்து, தண்ணீர் பட்ட உடனே அதை உறிஞ்சி இறுகிவிடுகிறது. செதில் 4 பங்கு, உலர்ந்த ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் பயன்படும் ஈஸ்ட்) தூள் 1 பங்கு, பொடித்த சர்க்கரை 1 பங்கு எனக் கலந்து, ஈரம் புகாத புட்டியில் வைத்துக்கொள்ளலாம். தேவைப்படும்போது 950 மில்லி டப்பாவுக்கு அரைக் கோப்பைத் தூளை எடுத்து, 3 பங்கு தண்ணீரும் 1 பங்கு வெள்ளை வினிகரும் கலந்த திரவத்தை ஏறக்குறைய அதே அளவு சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுங்கள். ஐந்து நிமிடம் விட்டுவிட்டு டப்பாவைச் சாய்த்துப் பாருங்கள்: கலவை நகரக் கூடாது, ஓரத்தில் நீர் பிரிந்து நிற்கக் கூடாது, விரலால் தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். உங்கள் இரண்டாவது டப்பா இந்தச் சோதனையில்தான் தவறியிருக்கும்.

வினிகர் கலவையைப் புளிப்பாக்கிப் பூஞ்சணத்தைப் பின்தள்ளுகிறது. ஈஸ்ட் அந்தப் புளிப்பைத் தாங்கிக்கொள்ளும். அதிகமாக ஊற்றினால் ஈஸ்டும் அடங்கிவிடும். பட்டைத்தூள் தூவுவோரும் உண்டு. அது சற்றே உதவலாம், அதை மட்டும் நம்புவது சரியன்று. ஆய்வகங்களில் மக்காச்சோள மாவையும், கடற்பாசியிலிருந்து எடுக்கும் கெட்டிப்பொருளான அகரையும் சேர்த்துக் காய்ச்சும் கலவைக்கு மெத்தில்பாரபென் என்னும் பூஞ்சணத் தடுப்பானைச் சேர்க்கிறார்கள். தண்ணீரில் எளிதில் கரையாத அதை ஆல்கஹாலில் கரைத்து, அடுப்பை அணைத்துக் கலவை 60 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஆறிய பின்னரே ஊற்ற வேண்டும். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். இரண்டு மூன்று டப்பாக்களுக்காக இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை என்பதே என் கருத்து.

கலவையின் மேல் பேக்கரி ஈஸ்ட் குருணைகளை ஒரு சிட்டிகை தூவுங்கள். பத்துப் பன்னிரண்டு குருணைகள் போதும். தாராளமாகத் தூவினால் நொதிப்பில் எழும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானதாதலால் டப்பாவின் அடியில் தேங்கி, முதல் நாளிலேயே ஈக்களை மயக்கிக் கொன்றுவிடும். பிறகு மரச்சீவலையோ மடித்த காபி வடிதாளையோ செங்குத்தாகச் செருகுங்கள். ஈக்கள் ஏறி நிற்கவும் புழுக்கள் கூட்டுப்புழுவாக ஒட்டிக்கொள்ளவும் அது இடம் தரும். காற்றுப் புகும் நெருக்கமான துணியால் வாயை மூடுங்கள்.

பூஞ்சணத்தை உண்மையில் அடக்குபவை புழுக்களே. மூன்றாம் நான்காம் நாளில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், வெள்ளை நூல் போன்ற புழுக்கள் தலையைக் கலவைக்குள் புதைத்து, மூச்சுத்துளைகள் உள்ள வால்முனையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அவை ஓயாமல் கிளறும் பரப்பில் பூஞ்சண இழை வேரூன்ற முடிவதில்லை. பத்து ஈக்களை மட்டும் விட்டால் போதிய புழுக்கள் வருவதற்குள் பூஞ்சணம் பரவிவிடும். சிறிய வகையான மெலனோகாஸ்டரில் ஒரு டப்பாவுக்கு 50 ஈக்களாவது விடுங்கள். உங்கள் முதல் டப்பாவில் எத்தனை விட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. குறைவாகவே விட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

25 டிகிரி வெப்பத்தில் மெலனோகாஸ்டர் முட்டையிலிருந்து ஈயாக 10 முதல் 12 நாட்கள் ஆகும். பெரிய வகையான ஹைடேய்க்கு ஏறத்தாழ மூன்று வாரம் தேவைப்படுவதால், அதற்குக் கலவையைச் சற்றுத் தடிமனாக இடுவது நல்லது. பாதியில் ஒன்றும் வரவில்லையென்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். வெப்பம் 30 டிகிரியை நெருங்கினால் மெலனோகாஸ்டர் ஆண் ஈக்கள் மலடாகும். வெஸ்டிஜியல் எனப்படும் குறுஞ்சிறகு வகையாக இருந்தால், அந்த வெப்பத்தில் வளர்ந்த புழுக்கள் ஓரளவு வளர்ந்த சிறகுகளுடன் வெளிவருவதும் உண்டு.

ஒரு மாதத்துக்கு மேலான டப்பாவில் நுண்ணுண்ணிகள் பெருகி, ஈக்களின் உடலில் ஒட்டிக்கொண்டு புதிய டப்பாவுக்கும் போய்ச் சேரும். ஆகவே பழைய டப்பாவின் கடைசி ஈக்களைக் கொண்டு புதியதைத் தொடங்காமல், முதலில் வெளிவரும் ஈக்களைக் கொண்டே தொடங்குங்கள். வாரத்துக்கு ஒரு டப்பா தொடங்கி, நாள் கடந்ததை ஓரிரு நாள் உறைபெட்டியில் வைத்தபின் அப்புறப்படுத்தினால், கும்பிடுபூச்சிக் குஞ்சுகளுக்கு இரை இடைவெளியின்றிக் கிடைக்கும்.