செல் ஏன் வெடிப்பதில்லை? கேள்வி பதில்

பிளஸ் டூ மாணவர்: செல்லுக்குள் அவ்வளவு புரதம் இருக்கிறது. சவ்வூடு பரவல்படி பார்த்தால் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்க வேண்டும். பின் ஏன் சார் வெடிப்பதில்லை?

விட்டால் வெடிக்கத்தான் செய்யும். தாவரச் செல்லுக்குச் சுவர் இருக்கிறது, தாங்கும். நம் செல்லுக்கு மெல்லிய சவ்வுதான். அதனால் அது சோடியத்தை உள்ளே தங்க விடுவதில்லை. சவ்விலுள்ள பம்பு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. நண்டின் நரம்பில் இந்தப் பம்பை டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கௌ கண்டறிந்தது 1957-ல். நோபல் கிடைத்தது 1997-ல். பக்கவாதத்தில் மூளைக்கு ரத்தம் நின்றால், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு தீர்ந்து பம்பு நிற்கும். சில நிமிடங்களில் செல் வீங்கத் தொடங்கிவிடும்.

அதே மாணவர்: தண்ணீரையே வெளியே தள்ள ஒரு பம்பு இருக்கக் கூடாதா?

ஏடிபி செலவழித்துத் தண்ணீரைத் தள்ளும் பம்பு எதுவும் செல்லில் இல்லை. பீட்டர் ஆக்ரேக்கு 2003-ல் நோபல் வாங்கித் தந்த அக்வாபோரின் என்ற சவ்வுப் புரதம்கூடத் தண்ணீருக்கு வெறும் வாசல்தான். செல் உப்பை நகர்த்தும், தண்ணீர் பின்னாலேயே போகும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

நர்சிங் மாணவி: ட்ரிப்ஸில் வெறும் தண்ணீர் ஏற்றினால் என்ன ஆகும்?

லேபில் ஒரு டெஸ்ட் ட்யூபில் வாலை வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) எடுத்து ஒரு சொட்டு ரத்தம் விட்டுப் பாருங்கள். முதலில் கலங்கலாக இருக்கும். பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெரியாது. கொஞ்ச நேரத்தில் தெளிந்து செந்நீராகும், எழுத்தைப் படிக்கலாம். சிவப்பணு எல்லாம் உடைந்துவிட்டது என்று அர்த்தம். ரத்தக்குழாயிலும் அதுதான் நடக்கும். அதனால்தான் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. சிவப்பணு பாதி நிரம்பிய கோணிப்பை மாதிரி, தொளதொளவென்று இருப்பதால் ஓரளவு வீக்கத்தைத் தாங்கும். உப்பு ஏறக்குறைய 0.5 சதவீதத்துக்கு இறங்கிய பிறகுதான் உடைய ஆரம்பிக்கும். பரம்பரையாக உருண்டைச் சிவப்பணு உள்ளவர்களுக்கு அந்தத் தொளதொளப்பு குறைவு, முன்னதாகவே உடையும்.

ஒரு வாசகி: அப்பாவுக்குச் சோடியம் 112. ஐசியுவில் இருக்கிறார். மெதுவாகத்தான் ஏற்றுவோம் என்கிறார்கள். ஏன் சார் இழுத்தடிக்கிறார்கள்?

இழுத்தடிக்கவில்லை அம்மா, அதுதான் சரியான முறை. ரத்தத்தில் சோடியத்தின் இயல்பு அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். சோடியம் குறைந்தால் மூளைச் செல் வீங்கும்; மண்டையோட்டுக்குள் அதற்கு இடமில்லை. அதனால் செல் முதலில் பொட்டாசியத்தையும் குளோரைடையும் வெளியேற்றும். அப்புறம் டாரின், இனோசிட்டால், குளூட்டமேட் என்று கரிமப் பொருள்களையும் விடும். இரண்டு நாளில் பருமன் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும். இப்படிப் பழகிய செல்லைச் சுற்றி உப்பைச் சட்டென்று ஏற்றினால் தண்ணீர் வெளியே ஓடிச் செல் சுருங்கும். விட்ட பொருள்களைத் திரும்பச் சேர்க்கப் பல நாள் ஆகும். அதற்குள் மூளைத்தண்டில் நரம்புகளின் மையலின் உறை அழியலாம். பேச்சு, விழுங்குதல், கை கால் எல்லாம் பாதிக்கும். 1959-லேயே விவரிக்கப்பட்ட நோய் இது. அதனால்தான் 24 மணி நேரத்தில் பொதுவாக 8 முதல் 10 வரைதான் உயர விடுவார்கள். குடிப்பழக்கமோ சத்துக்குறைவோ இருந்தால் இன்னும் கவனம். வலிப்பு வந்தால் மட்டும் முதலில் 3 சதவீத சலைன் கொடுத்துக் கொஞ்சம் வேகமாக ஏற்றுவார்கள். உப்பு கரைத்த தண்ணீரை நீங்களாகப் புகட்டிவிடாதீர்கள்.

ஆராய்ச்சி மாணவர்: வீங்கிய செல் குளோரைடை எந்த வழியாக விடுகிறது?

எல்ஆர்ஆர்சி8 குடும்பப் புரதங்களாலான கால்வாய் வழியாக. பல ஆண்டுகளாகத் தேடியது 2014-ல்தான் சிக்கியது. சுருங்கிய செல்லில் என்கேசிசி1 என்ற சவ்வுப் புரதம் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றையும் உள்ளே இழுக்கும்.

தூத்துக்குடி வாசகர்: உப்பளத் தண்ணீர் சிவப்பாகிறதே, அதற்குள் எப்படி உயிர் வாழ்கிறது? மழை பெய்தால் என்ன ஆகும்?

அந்தச் சிவப்பில் ஒரு பங்கு டுனாலியெல்லா என்ற பாசியுடையது. அதற்குக் கெட்டியான சுவரே இல்லை. வெளியே உப்பு ஏற ஏற உள்ளே கிளிசரால் தயாரித்துக் குவிக்கும். கிளிசரால் எவ்வளவு இருந்தாலும் புரதம் கெடாது. கூடவே இருக்கும் ஹாலோபாக்டீரியம் என்ற நுண்ணுயிர் நேர் எதிர். பொட்டாசியம் குளோரைடையே உள்ளே நிரப்பிக்கொள்ளும், அதன் புரதங்கள் அதற்கென்றே அமைந்தவை. மழை பெய்து உப்பு குறைந்தால் டுனாலியெல்லா கிளிசராலை ஸ்டார்ச்சாக மாற்றி உள்ளழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரில் போட்டால் ஹாலோபாக்டீரியம் உடைந்துவிடும்.